கறி விருந்தில் சின்ன வயிறு

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ராகிக் களியை யாரும் மெல்லுவதில்லை. கிள்ளி, உருட்டி, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட எனக்குப் பெங்களூரு மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதற்கு நேர் எதிர்: எதையும் கூழாகும் வரை மென்றுதான் விழுங்க வேண்டும். யுகாதிக்கு மறுநாள் கறி விருந்தில் உட்கார்ந்தால், இந்த இரண்டு சட்டங்களும் என் இலையில்தான் மோதிக்கொள்கின்றன.

எனக்குச் செய்தது ‘ஸ்லீவ்’ முறை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டுக் குழாய் போல மீதியை விடுவார்கள். ஒரு சின்ன டம்ளர் அளவுதான் கொள்ளும். அதனால் எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பதோ 6 கிராம். எனவே கறி, முட்டை, கொள்ளு, அவரை முதலில். களியும் சோறும் இடம் இருந்தால். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் போகட்டும். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. ஒப்பட்டு மாதிரி இனிப்பு வேகமாகக் குடலுக்கு இறங்கினால் வியர்த்து, படபடத்துப் படுக்க வைத்துவிடும். இரைப்பை பைபாஸ் முறையில் செய்துகொண்டவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்? “ஒரே ஒரு உருண்டை போட்டுக்கோ கண்ணு, களி உடம்புக்கு நல்லதுதானே?” என்கிறார். நல்லதுதான், ராகியில் கால்சியம் நிறைய. ஆனால் அந்த உருண்டை என் வயிற்றில் கறிக்கு இடம் விடாது. மெல்லாமல் விழுங்கினால் நெஞ்சுக்குள் கல்லாக நிற்கும்.

அண்ணன் மகன் காதுகுத்தில் அண்ணி ஒன்று செய்தார். இலை போடவில்லை. சின்னத் தட்டில் இரண்டு ஈரல் துண்டு, கொஞ்சம் வேகவைத்த அவரை வைத்து என் பக்கத்தில் நகர்த்திவிட்டுப் போய்விட்டார். ஏன், எதற்கு என்று யாரிடமும் விளக்கவில்லை. இப்படித்தான் உபசரிக்க வேண்டும் என்கிறேன்.

இது என் ஒருத்தியின் பாடு இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். ஆசியர்களின் உடல் நிறை எண் 27.5-ஐ எட்டினாலே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று 2022-இல் சர்வதேச வழிகாட்டுதல் மாறிவிட்டது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறி மாறி உழைத்து, நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிடும் ஊர் இது. இனி ஒவ்வொரு சொந்தத்திலும் என்னைப் போல் ஒருவர் இருப்பார்.

விருந்து வைப்பவர்களிடம் அவருக்காகக் கேட்கிறேன். இலையைக் கையால் மறைத்தால், கரண்டியைக் கவிழ்க்காதீர்கள். மிச்சம் வைத்தால் அவமானமாக நினைக்காதீர்கள். “எலும்பும் தோலுமா ஆயிட்டியே” என்ற பேச்சு பந்தியில் வேண்டாம். அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்து நிற்கும்போது யாராலும் மென்று சாப்பிட முடியாது. எங்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வையுங்கள்.