ஹந்தானையின் பெயரால்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மேலே ஓங்கி நிற்கும் ஹந்தானை மலையை அறியாதார் கண்டியில் இலர். அம்மலையின் பெயரை ஒரு கணினி இயங்குதளமும் தாங்கியதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸின் வழியில், இலங்கை ஆர்வலர் 2009இல் ‘ஹந்தானை லினக்ஸ்’ வெளியிட்டனர். விலையில்லை; மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் அதில் இடமுண்டு.

ஆயினும், இத்தகைய தளங்களில் தமிழ் தானே முளைப்பதில்லை. திரையில் தோன்றும் ஒவ்வொரு சொல்லையும் ஆர்வலர் எவரேனும் பெயர்த்தல் வேண்டும். அவ்வுழைப்பு ஓய்ந்தால், அடுத்த பதிப்பின் புதுச் சொற்கள் ஆங்கிலத்திலேயே நின்றுவிடும். நிரல் எழுத அறியாதவரும் நல்ல தமிழ் அறிந்தால் இப்பணிக்கு உரியவரே. இலவசமாகப் பெற்ற நாம், நாளொன்றுக்கு ஒரு சொல்லேனும் திருப்பிக் கொடுப்போமாக.