பாங்கியில் பழகும் பிள்ளையும் பட்டா இல்லாத தகப்பனும்

கூடலூரை அடுத்த ஓவேலியில் கல்லூரி முடித்த பிள்ளைகள் பாங்கிகளுக்கு வேலை பழகப் போவது நமக்கு மகிழ்ச்சியே. 2024ல் துவங்கிய பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயும் வைத்தார்கள். ஆனால் அங்கே பிள்ளை பழகுவது, "பட்டா எங்கே, சிட்டா எங்கே?" என்று கேட்கத்தான். ஓவேலியில் அவன் தகப்பனைப் போன்ற பலருக்குப் பட்டாவே கிடையாதே! அவர்கள் பெண்சாதியின் நகையைத்தான் கொண்டுபோக வேண்டும். தாலி தெய்வீகமாம், பாங்கித் தராசில் அதுவும் இத்தனை கிராம்தான்.

1969ல் 14 பாங்கிகளை சர்க்கார் ஒரே இரவில் எடுத்துக்கொண்டது. கூடலூர் ஜன்ம ஒழிப்புச் சட்டமும் அதே 1969தான். அதன் 17வது பிரிவில் சிக்கிய நிலமோ இன்னும் வழக்கிலேயே கிடக்கிறது. கேட்டால் தலையெழுத்து என்கிறார்கள். எழுதியவன் பிரம்மாவா, ரெவின்யூ இலாகாவா, தோழர்களே? குடியிருப்பவனுக்கு முதலில் பட்டா கொடுக்கட்டும். பிள்ளைக்கு சர்டிபிகேட் பிறகு கொடுக்கலாம்.