கைப்பழக்கமும் செவிப்பழக்கமும்

ஒலியை ஆராய்வோர்க்குச் செவியே முதற்கருவி. எழுத்தொலிகள் பிறக்கும் முறையை விளக்கத் தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலையே அமைத்தார். அன்று உற்றுக்கேட்டு உணர்ந்ததை இன்று கணிப்பொறித் திரையில் அலைவடிவாகக் கண்டு அளக்கின்றோம். இவ்வளவையின் நம்பகம் விசைப்பலகையில் நாம் அழுத்தும் ஒரு சிறு விசையையும் பொறுத்தது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துப் பால் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் ஆகிய இருவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய மென்பொருள் 'பிராட்'. டச்சு மொழியில் இதற்குப் 'பேசு' என்பது பொருள். பேச்சொலி ஆய்வில் இது பெரிதும் பயன்படுகின்றது. ஒலியைப் பதிவு செய்யவும் வெட்டி ஒட்டவும் பலர் கையாள்வது, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆடாசிட்டி'. மாணவர் பலர் பின்னதில் பழகி முன்னதற்கு வருகின்றனர். இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகின்றது.

ஆடாசிட்டியில் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் ஒலி இசைக்கும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். பிராட்டில் அப்பணியைச் செய்வது டேப் விசை. ஒலித்துண்டுகளுக்குப் பெயரிடும் சாளரத்தில் நாம் தட்டும் எழுத்தெல்லாம் தேர்ந்தெடுத்த துண்டின் பெயராகப் பதிவாகும். ஸ்பேஸும் அவ்வாறே பதிவாகும். கண்ட்ரோலுடன் 'ஓ'வை அழுத்தினால் பிராட்டின் முதற்சாளரத்தில் கோப்பைத் திறக்கும் கட்டளை. ஒலியைக் காட்டும் சாளரத்திலோ அது காட்சியைச் சுருக்கும் கட்டளை. ஒரு சொல் இடம் நோக்கிப் பொருள் வேறுபடுவது போன்றதே இதுவும்.

இதனால் விளையும் கேட்டினைக் காண்போம். ஒரு மாணவர் நூறு சொற்களில் வரும் ழகர ஒலிகளைப் பிரித்துப் பெயரிடுகின்றார். பழைய பழக்கத்தால், ஒலியைக் கேட்க விரும்பி ஸ்பேஸைத் தட்டுகின்றார். ஒலி எழவில்லை; பிழையுணர்ந்து டேப்பை அழுத்திக் கேட்டு மேலே செல்கின்றார். ஆனால் 'ழ' என்ற பெயரின் பின்னே ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு அது புலனாகாது. பின்னர் 'ழ' என்று பெயரிட்ட துண்டுகளை மட்டும் கணிப்பொறி தொகுக்கும்போது, வெற்றிடம் சேர்ந்த பெயரை வேறொன்றாகவே கொள்ளும். அத்துண்டு கணக்கினின்று நீங்கிவிடும். முடிவு பிழைபடும், பிழை எங்குற்றது என்று ஆய்வாளரும் அறியார், நெறியாளரும் அறியார்.

'சுட்டெலி இருக்கக் குறுக்குவிசை எதற்கு?' என்று வினவுவாரும் உளர். ஓர் ஒலி முடிந்து மற்றோர் ஒலி தொடங்கும் இடத்தைத் துணிய, அதனைப் பன்முறை கேட்டாக வேண்டும். ஒவ்வொரு முறையும் கண் பட்டியலைத் தேடி அலைந்தால் கவனம் சிதறும். கை தானே இயங்கினால்தான் கண் அலையிலும் செவி ஒலியிலும் நிலைக்கும். எனவே விசையைத் துறப்பது தீர்வன்று. அதனை முறையாகக் கற்பதே தீர்வு.

ஒலியியல் பயிற்றும் துறைகள், விசைகளின் பயனை முதல் வகுப்பிலேயே கற்பித்தல் வேண்டும். ஒவ்வொரு கணிப்பொறியின் அருகிலும் விசைப்பட்டியல் ஒன்றை ஒட்டிவைத்தல் வேண்டும். பெயரிட்டு முடித்தபின் பெயர்களையெல்லாம் வரிசைப்படுத்தி, ஒன்றுபோல் தோன்றி வேறுபடுவன உளவா எனச் சரிபார்ப்பதை ஆய்வு நெறியாகவே கொள்ளுதல் நன்று. மென்பொருள் ஆக்குவோரும் பெயர்களில் நுழையும் வெற்றிடத்தைக் கண்ணுக்குப் புலப்படக் காட்டுதல் வேண்டும்.

ஏட்டைப் படியெடுப்போர் ஓர் எழுத்துப் பிறழினும் பாடம் திரியும் என அஞ்ச வேண்டியிருந்தது. அவ்வச்சம் இன்று ஒலியைப் படியெடுக்கும் நமக்கும் வேண்டும்.