பேச்சுக்கு ஒரு தனி ஸ்பீக்கர்

சகோதரிகளே, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் என்றாலே ‘அது ஆம்பிளைங்க சமாசாரம்’ என்று நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பெட்டிகள் உட்கார்ந்திருப்பது நம் வீட்டு ஹாலில். தூசி தட்டுவது நாம். அதன் இரைச்சலில் தலைவலி வருவதும் நமக்குத்தான். அதனால் இந்த இதழில் சமையலறைக் குறிப்புகளுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு ஹாலுக்கு வந்திருக்கிறேன். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவசியம் கடைசிவரை படியுங்கள்.

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் ஆசையாக வாங்கிய ‘சரௌண்ட் சவுண்ட்’ செட் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. டி.வி.க்கு இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் இரண்டு, தரையில் ஒரு வூஃபர். பாட்டு வந்தால் அலமாரிக் கண்ணாடி அதிரும். சண்டை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். ஆனால் கதாநாயகி அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொல்கிறாளே, அது மட்டும் காதில் விழாது! பேச்சு வந்தால் சத்தத்தைக் கூட்டு, சண்டை வந்தால் குறை. படம் முடிவதற்குள் கட்டைவிரல் தேய்ந்துவிடும்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மாமனாருக்கு 78 வயது. ஜன்னலோரச் சாய்வு நாற்காலிதான் அவர் இடம். “ஏம்மா, அவன் இப்ப என்ன சொன்னான்?” என்று கேட்பார். நான் சொல்வேன். இரண்டாம் தடவையும் சொல்வேன். மூன்றாம் தடவை கேட்கும்போது பிள்ளைகள், “தாத்தா, ப்ளீஸ்!” என்பார்கள். கொஞ்ச நாளில் அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார். அப்புறம் படம் ஆரம்பித்தவுடனே, “நீங்க பாருங்கம்மா, எனக்குத் தூக்கம் வருது” என்று உள்ளே போக ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தால் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பார். எனக்கு மனசே ஆறவில்லை.

ஊரிலிருந்து வந்த என் தம்பிக்கு இந்த ஆடியோ வேலையெல்லாம் தெரியும். ஒரு படத்தைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, “அக்கா, இங்க சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை. பேச்சுக்குத்தான் இடமே இல்லை. நடு ஸ்பீக்கர் எங்கே?” என்றான். செட்டில் அதற்கு வசதி இருந்தும், வாங்கும்போதே நாலு ஸ்பீக்கரோடு நிறுத்திவிட்டிருந்தார்கள். அவன் சொன்னதையும், பக்கத்தில் நின்று நான் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் காதைப் பற்றி. வயசாகும்போது காது முதலில் இழப்பது மெல்லிய, கூர்மையான ஒலிகளை. ஆ, ஓ போன்றவை கனமானவை, நன்றாகவே கேட்கும். ச, த, ப, க போன்றவற்றைப் பிரித்தறிய உதவும் ஒலிகள் மெல்லியவை. அவை மங்கிவிட்டால் ‘படம்’, ‘தடம்’, ‘கடம்’ எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் பெரியவர்கள், “பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னுதான் புரியலை” என்கிறார்கள். பிடிவாதமும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. 60 வயது தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் இப்படிச் செவித்திறன் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சத்தத்தை மொத்தமாகக் கூட்டினால் பேச்சோடு மேளமும் துப்பாக்கியும் சேர்ந்து கூடும். பேச்சை மட்டும் தனியாகக் கூட்ட வேண்டும். அதற்குத்தான் நடு ஸ்பீக்கர்.

இது புது நாகரிகம் இல்லை. 1933-லேயே அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தார், பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவின் ஒலியைக் கம்பி வழியாக வாஷிங்டனில் ஓர் அரங்கத்துக்கு அனுப்பினார்கள். அப்போதே இடது, வலது, நடு என்று மூன்று ஸ்பீக்கர் வரிசை. சினிமாத் தியேட்டரில் திரையை அருகில் போய்ப் பார்த்தால் பொடிப் பொடியாகத் துளைகள் தெரியும். திரைக்குப் பின்னால் நடுவில் ஸ்பீக்கர் இருக்கிறது. நடிகர் வாய் அசையும் இடத்திலிருந்தே குரல் வருவதற்கு அதுதான் காரணம்.

நடு ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் என்ன ஆகிறது? ஒரே குரல் இடது, வலது இரண்டிலிருந்தும் வருகிறது. சரியாக நடு சோபாவில் உட்கார்ந்தவருக்கு அது டி.வி.யிலிருந்து வருவதுபோலத் தோன்றும். அந்த நல்ல இடம் பெரும்பாலும் வீட்டுத் தலைவருக்கு! ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் பக்கத்து ஸ்பீக்கருக்குப் போய்விடும். தவிர, ஒரே குரல் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு இடத்திலிருந்து நூலிழை முன்பின்னாக வருவதால் எழுத்துக்கள் கொஞ்சம் மங்கும். நல்ல காது சமாளித்துக்கொள்ளும். வயசான காதால் முடியாது.

சரி, பழைய செட்டில் சேர்க்க முடியுமா? ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். இடது, வலது வயர்கள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ‘சென்டர்’ என்று எழுதிய சிவப்பு, கறுப்பு முனைகள் இருந்தால் அதிர்ஷ்டம்தான். 1982-ல் வீடுகளுக்கு வந்த முதல் டால்பி சரௌண்ட் முறையில் நடு ஸ்பீக்கர் கிடையாது. 1987-ல் வந்த ‘புரோ லாஜிக்’ முறையில்தான் வந்தது. டி.வி.டி. காலத்து 5.1 செட்டுகளில் கட்டாயம் இருக்கும்.

அந்த முனைகள் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இடது வயரையும் வலது வயரையும் முறுக்கிச் சேர்த்து நடுவில் ஒரு ஸ்பீக்கர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரே எரிந்துபோகலாம். அப்படிப்பட்ட வீட்டில் பெரியவரின் நாற்காலியை நடுவில் போடுவதே நல்ல வைத்தியம்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களின் அதே கம்பெனி, அதே வரிசையில் கிடைத்தால் உத்தமம். இல்லையென்றால் குரல் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும்போது வேறு ஆள் பேசுகிற மாதிரி இருக்கும். இரண்டாவது, ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 6 ஓம், 8 ஓம் என்று போட்டிருக்கும். ஸ்பீக்கர் அதற்குக் குறைந்த ஓம் ஆக இருக்கக்கூடாது, சூடேறும். மூன்றாவது, வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நமக்கு வேண்டியது தெளிவு. சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடத்தில் தேடினால் பழசிலேயே நல்லதாகக் கிடைக்கும். எங்களுக்கு ஒரு சுமாரான பட்டுப்புடவை விலைகூட ஆகவில்லை.

வைக்கும் இடம் ரொம்ப முக்கியம். டி.வி.க்கு நேர் கீழே, ஸ்டாண்டின் முன் விளிம்போடு ஒட்டி வையுங்கள். உள்ளே தள்ளினால் பலகையில் பட்டுக் குரல் கமறும். கதவு போட்ட அலமாரிக்குள் வைப்பதும், மேலே பூவேலைத் துணி போர்த்துவதும் கூடாது. தாழ்வாக இருந்தால் முன்பக்கத்துக்கு அடியில் ரப்பர் துண்டு கொடுத்து, உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி லேசாக நிமிர்த்திவிடுங்கள். பழைய பிக்சர் டியூப் டி.வி. என்றால் காந்தத் தடுப்பு உள்ள ஸ்பீக்கர்தான் வேண்டும், இல்லாவிட்டால் நிறம் கெடும். தட்டை டி.வி.க்கு அந்தக் கவலை இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வயரைத் தொட வேண்டும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு இழைகூட அடுத்த முனையைத் தொடக்கூடாது. பிறகு ஆம்ப்ளிஃபயரின் செட்டிங்கில் சென்டர் ‘ஃபேண்டம்’ என்றோ ‘நன்’ என்றோ இருக்கும். அதை ‘ஸ்மால்’ என்று மாற்றினால் கனத்த ஒலி வூஃபருக்குப் போய், இந்தச் சின்னப் பெட்டி பேச்சை மட்டும் கவனிக்கும். டேப் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் உள்ள தூரத்தை அளந்து பதியுங்கள். ‘டெஸ்ட் டோன்’ போட்டு எல்லாம் ஒரே அளவில் கேட்கும்படி வைத்துவிட்டு, நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். நாங்கள் மாமனாரை அவர் நாற்காலியிலேயே உட்காரவைத்துத்தான் இதைச் செய்தோம்.

எல்லாம் செய்தும் நடு ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் பயப்படாதீர்கள். ஆம்ப்ளிஃபயர் ‘ஸ்டீரியோ’வில் இருக்கும். ‘புரோ லாஜிக்’ பட்டனை அழுத்துங்கள். சீரியல், செய்தி எல்லாம் பெரும்பாலும் இரண்டு வழி ஒலிதான். இரண்டிலும் பொதுவாக உள்ள குரலைப் பிரித்து அது நடுவுக்கு அனுப்பும். 5.1 ஒலி உள்ள படங்களுக்கு, டி.வி.யிலிருந்து ஆப்டிகல் வயர் போட்டிருந்தால், டி.வி.யின் ஒலி செட்டிங் ‘பி.சி.எம்.’ என்று இல்லாமல் ‘டால்பி டிஜிட்டல்’ என்று இருக்க வேண்டும்.

மொசைக் தரையும் வெறும் சுவரும் குரலை எதிரொலித்துக் குழப்பும். ஒரு ஜமுக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். மிக்ஸி போடும் வேலையைப் படத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் முன்பு 38-ல் இருந்த சத்தம் இப்போது 26-ல் நிற்கிறது. பெரியவன் அடுத்த அறையில் நிம்மதியாகப் படிக்கிறான். மாமா இப்போது இடைவேளைக்கு முன்பே யார் வில்லன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் திட்டு வாங்குகிறார்! சத்தம் குறைவது எல்லோர் காதுக்கும் நல்லது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான் அளவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஸ்பீக்கர், காது டாக்டருக்குப் பதில் ஆகாது. கேட்பது குறைந்தால் ஒருமுறை காட்டிவிடுங்கள். சில பேருக்குக் காதில் அழுக்கு அடைத்திருப்பதே காரணமாக இருக்கும். ஹேர்பின் விடுவதும், எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். டி.வி.யை அணைத்த பிறகு நாம் அவர்களிடம் பேசும்போதும், அடுப்படியிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், முகம் தெரிய நின்று, நிதானமாகப் பேசுங்கள்.