சொல்லாமல் சொல்லும் வசனம்

மாமியாருக்கு மருமகள் மேல் கோபம். நேரில் திட்ட முடியவில்லை. மகன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். மாமியார் என்ன செய்கிறார்? அடுப்படிக்கு வந்த பூனையைத் திட்டுகிறார். “வேளா வேளைக்குத் தின்பதைத் தவிர உனக்கு என்ன வேலை?” என்கிறார். பூனைக்கு ஒன்றும் புரியவில்லை. மருமகளுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது!

இதைத்தான் சாடைப் பேச்சு என்கிறோம். பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கும் இது கைவந்த கலை.

ஆனால் அதே குடும்பக் கதையை நாடகமாக எழுத உட்கார்ந்தால், பலருக்கு இந்தக் கலை மறந்துபோகிறது. மேடை மாமியார் நேரே முன்னால் வந்து, “இவளைக் கண்டாலே எனக்குப் பிடிக்கவில்லை” என்று ஒப்பிக்கிறார். மருமகள், “ஐயோ, என் நெஞ்சம் வெடிக்கிறதே!” என்கிறாள். ஏன் இப்படி என்று கேட்டால், “இப்படி எழுதினால்தான் பாமர ஜனங்களுக்குப் புரியும்” என்று பதில் வருகிறது.

இது ஜனங்களுக்குச் செய்யும் அவமானம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் முகத்தைப் படிக்கத் தெரியும்.

உடைந்த தெர்மாமீட்டர்

ரஷ்ய நாட்டு எழுத்தாளர் ஆன்டன் செகாவ் எழுதிய கடைசி நாடகம் “செர்ரித் தோட்டம்.” 1904 ஜனவரியில் மாஸ்கோவில் அரங்கேறியது. அதே ஆண்டு ஜூலையில் செகாவ் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 44.

கதை இதுதான். ஒரு பெரிய குடும்பம் கடனில் மூழ்குகிறது. வீடும் தோட்டமும் ஏலத்துக்கு வருகின்றன. ஏலத்தில் எடுப்பவன் லொபாகின் என்ற வியாபாரி. அவனுடைய அப்பாவும் தாத்தாவும் அதே பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள்.

அந்த வீட்டின் வளர்ப்பு மகள் வார்யா. அவளை லொபாகின் கட்டிக்கொள்வான் என்று இரண்டு வருடமாக ஊரே பேசுகிறது. அவன்தான் வாய் திறந்து கேட்கவில்லை.

குடும்பம் வீட்டைவிட்டுப் புறப்படும் நாள் வருகிறது. வார்யாவைத் தனியே அனுப்பி வைக்கிறார்கள். ரயிலுக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. இனி என்ன நடக்கும்? சாதாரண எழுத்தாளர் என்றால் கண்ணீரும் கம்பலையுமாக இரண்டு பக்கம் எழுதியிருப்பார்.

செகாவ் என்ன செய்தார் பாருங்கள். வார்யா வந்ததும் மூட்டைகளில் எதையோ தேடுகிறாள். தானே கட்டி வைத்த பொருள். எங்கே என்று தெரியவில்லையாம். எங்கே போகப் போகிறாய் என்று அவன் கேட்கிறான். ஒரு வீட்டில் வேலைக்குப் போவதாகச் சொல்கிறாள். அவன் தன் பிரயாணத்தைச் சொல்கிறான். பிறகு குளிரைப் பற்றிப் பேசுகிறான். எத்தனை டிகிரி என்றுகூடச் சொல்கிறான். அவளோ தான் பார்க்கவில்லை என்கிறாள். வீட்டுத் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டதாம். இருவரும் மௌனமாக நிற்கிறார்கள்.

வெளியே யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். அதற்காகவே காத்திருந்தவன் போல ஓடிவிடுகிறான். அவள் தரையில் உட்கார்ந்து, துணி மூட்டையில் தலை சாய்த்து அழுகிறாள்.

கல்யாணம் என்ற சொல்லை இருவருமே உச்சரிக்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்வு கண் முன்னால் கை நழுவிப் போய்விட்டது!

இரகசியம் எங்கே?

பார்ப்பவர்களுக்கு இது எப்படிப் புரிகிறது? சற்று முன்னால் வீட்டு எஜமானி லொபாகினிடம் வெளிப்படையாகவே பேசிவிடுகிறாள். அவனும், இப்போதே முடித்துவிடலாம் என்று சம்மதிக்கிறான். அந்தப் பேச்சு நம் காதில் விழுந்திருக்கிறது. ஆகவே அவன் குளிரைப் பற்றிப் பேசும்போது, “கேளப்பா, கேள்!” என்று நம் மனம் தவிக்கிறது.

புதிதாக எழுதுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பாத்திரம் எதை மறைக்கிறது என்பதைச் சபைக்கு முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். காட்டாமல் மறைத்தால் அது வெறும் விடுகதை. அப்போது “புரியவில்லை” என்று ஜனங்கள் எழுந்து போனால் குற்றம் அவர்கள் மேல் இல்லை.

நம் ஊர்க் கதை ஒன்றை வைத்துப் பழகலாம். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. அந்தக் கடிதத்தை அவர் சட்டைப் பையில் ஒளித்ததைச் சபை பார்த்துவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. மகள் வருகிறாள்.

“அப்பா, பீஸ் கட்ட திங்கட்கிழமைதான் கடைசி நாள்.”

அப்பா செருப்பு வாரைத் தைத்துக்கொண்டே சொல்கிறார்: “இந்தச் செருப்பு இன்னும் ஆறு மாசம் வரும் போலிருக்கே!”

“புதுசு வாங்கிக்குங்களேன் அப்பா.”

“இதுக்கு என்ன குறைச்சல்? நீ சாப்பிட்டியாம்மா?”

இவ்வளவு போதும். “என் வேலை போய்விட்டதே, மகளே!” என்று ஒரு வரி சேர்த்தால் காட்சி செத்துவிடும். கைக்கு ஒரு வேலை கொடுத்தால், வாய்க்குப் பாதி வேலை மிச்சம். முதலில் எல்லாவற்றையும் பச்சையாக எழுதிக்கொண்டு, பிறகு பென்சிலால் ஒவ்வொரு வரியாக அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

எல்லா இடத்திலும் மூடி மறைக்க வேண்டும் என்று பொருளில்லை. 1952-ல் வெளிவந்த “பராசக்தி” படத்தின் நீதிமன்ற வசனத்தை மக்கள் மனப்பாடமே செய்தார்கள். அது குற்றக்கூண்டில் நிற்பவனின் முழக்கம். அங்கே உரக்கத்தான் பேச வேண்டும். அடுப்படியில் அப்படிப் பேசினால் யார் நம்புவார்கள்?

செகாவுக்கும் முதலில் அடிதான் விழுந்தது. 1896-ல் அவருடைய “கடற்பறவை” நாடகம் பீட்டர்ஸ்பர்க் நகரில் மேடையேறியது. ஒத்திகை போதவில்லை. அன்றைய காட்சி ஒரு நகைச்சுவை நடிகையைக் கௌரவிக்க நடந்தது. கூட்டம் சிரிப்பதற்கென்றே வந்திருந்தது. கேலிக் கூச்சலில் நாடகம் படுத்துவிட்டது.

1898 டிசம்பரில் அதே நாடகத்தை மாஸ்கோ கலை அரங்கத்தார் நன்றாக ஒத்திகை பார்த்து நடத்தினார்கள். முதல் அங்கம் முடிந்து திரை விழுந்தது. கொட்டகையில் சத்தமே இல்லை. தோற்றுவிட்டோம் என்று நடிகர்கள் நடுங்கிப்போனார்கள். சற்றுப் பொறுத்துத்தான் கைதட்டல் இடி போல எழுந்தது.