வாட்ஸ்-அப்பில் வரும் 'அபராத சலான்': தொட்டால் பணம் அபேஸ்! முதல் ஒரு மணி நேரத்தில் முந்தினால் தப்பலாம்

சங்கராபுரம்:

"உங்கள் வண்டி போக்குவரத்து விதியை மீறி உள்ளது. அபராதம் ரூ.1,000. விவரம் கீழே உள்ள பைலில்."

செல்போனில் இப்படி ஒரு மெசேஜ் வந்தால் யாருக்குத்தான் பகீர் என்று இருக்காது? போன வாரம் ஹெல்மெட் போடாமல் கள்ளக்குறிச்சி ரோட்டில் போனது ஞாபகத்துக்கு வரும். "கேமராவுல மாட்டிக்கிட்டோம் போல" என்று மனசு அடித்துக்கொள்ளும். என்ன ஏது என்று பார்க்க கை தானாக அந்த பைலை தொடும். மர்ம ஆசாமிகளின் வேலை அங்கேதான் ஆரம்பம்.

வந்தது சலானும் இல்லை, போட்டோவும் இல்லை. அது ஒரு 'ஆப்'. பைல் பெயரின் கடைசியில் ஏ, பி, கே என்று மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். ஆண்ட்ராய்டு செல்போனில் புது ஆப்பை ஏற்றும் பைலுக்கு இதுதான் அடையாளம். அதை திறந்து 'இன்ஸ்டால்' கொடுத்தால், வீட்டு சாவியை திருடன் கையில் கொடுத்த கதைதான்.

செல்போன்தான் கல்லாப்பெட்டி

முன்பெல்லாம் கூலி பணம் மடியில் இருந்தது. இப்போது செல்போனில் இருக்கிறது. 2019-ம் ஆண்டு தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6 ஆயிரம் மூன்று தவணையாக விவசாயி கணக்குக்கு நேராக வந்தது. 2023-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் ரூ.1,000-மும் வங்கி கணக்குக்குத்தான் வந்தது. கேரளா, பெங்களூரு என்று வேலைக்கு போன பிள்ளைகள் வீட்டுக்கு பணம் அனுப்புவதும் செல்போன் வழியாகத்தான். டீக்கடை பாக்கிக்கு கூட ஸ்கேன் பண்ணி பணம் கட்டுகிறோம்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பல வீடுகளில் நல்ல செல்போன் என்று இருப்பதே ஒன்றுதான். பேங்க், ஆதார், ரேஷன் கார்டு, கியாஸ் எல்லாவற்றுக்கும் அப்பாவின் நம்பரே கொடுத்திருக்கும். ராத்திரி அதே போனில் பையன் கேம் விளையாடுவான். பொண்ணு பாடம் படிப்பாள். அம்மா மகளிர் குழு மெசேஜ் பார்ப்பார். அந்த பைலை யார் தொட்டாலும் காலியாவது அப்பாவின் கணக்கு.

"ஓ.டி.பி. சொல்லவே இல்லையே!"

"யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதீங்க" என்று பேங்க்கில் ஆயிரம் தடவை சொல்லிவிட்டார்கள். மக்களும் ஓரளவு உஷார் ஆகிவிட்டார்கள். திருடனும் ரூட்டை மாற்றிவிட்டான். இப்போது அவன் ஓ.டி.பி. கேட்பதே இல்லை. தானே எடுத்துக்கொள்கிறான்.

இந்த போலி ஆப் உள்ளே வந்ததும் வரிசையாக அனுமதி கேட்கும். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி, கான்டாக்ட் பார்க்க அனுமதி, போன் பேச அனுமதி என்று கேட்டுக்கொண்டே போகும். என்ன ஏது என்று படிக்காமல் 'அலோ', 'அலோ' என்று தட்டிக்கொண்டே போவது நம்ம ஊர் வழக்கம். அப்படி தட்டினால் பேங்க்கில் இருந்து வரும் ஓ.டி.பி. மெசேஜ் அந்த நொடியே திருடனுக்கும் போய்விடும். சில ஆப்கள் திரையில் இருந்து தன் படத்தையே மறைத்துக்கொள்ளும். "ஒண்ணும் ஓப்பன் ஆகலையே" என்று நாம் விட்டுவிடுவோம். உள்ளே அது வேலை பார்த்துக்கொண்டே இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், செல்போன் பல நேரம் நம்மை எச்சரிக்கவே செய்கிறது. 'இது ஆபத்தான ஆப்' என்று கூகுள் பிளே புரொடெக்ட் சிவப்பில் காட்டும். 'பரவாயில்லை, ஏற்று' என்று நாமே அதை தாண்டிப் போகிறோம். அபராத பயம் அப்படி!

பெயர்தான் மாறுகிறது

2024-ம் ஆண்டு ஜூலை மாதம் பெங்களூருவை சேர்ந்த கிளவுட்செக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் இந்த சலான் மோசடியை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. வியட்நாமை சேர்ந்த கும்பல் ஒன்று இதன் பின்னணியில் இருப்பதாகவும், 4 ஆயிரத்து 400-க்கும் மேற்பட்ட செல்போன்களில் இந்த ஆப் ஏறி இருப்பதாகவும், ஒரு ஆசாமி மட்டும் ரூ.16 லட்சத்துக்கு மேல் சுருட்டி இருப்பதாகவும் அதில் கூறப்பட்டு இருந்தது. எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவன் நம்ம ஊர் பைக்காரரின் பயத்தை காசாக்குகிறான்.

அதே 2024-ல் பி.எம். கிசான் பெயரில் போலி ஆப் சுற்றுவதாக தமிழ்நாடு போலீசின் சைபர் கிரைம் பிரிவு எச்சரித்தது. நவம்பர் மாதம் கல்யாண பத்திரிகை என்று வரும் ஆப் பற்றி இமாசலபிரதேச போலீசார் எச்சரித்தனர். சலான், கிசான், கல்யாணம்... சட்டை மாறுகிறது, உள்ளே இருப்பவன் ஒருவனே.

இன்னொரு தந்திரத்தை கவனிக்க வேண்டும். ஒருவர் செல்போன் மாட்டிக்கொண்டால், அவர் வாட்ஸ்-அப்பில் இருந்தே அடுத்தவர்களுக்கும் அந்த பைல் போகிறது. ஊர் குரூப், குழு குரூப், பள்ளி குரூப் எல்லாவற்றிலும் விழுகிறது. அனுப்பியது பக்கத்து வீட்டு அண்ணன், மச்சான் என்று பெயர் காட்டும். "தெரிஞ்சவர்தானே" என்ற நம்பிக்கையில் அடுத்தவரும் தொடுகிறார். ஆகவே யார் அனுப்பினார் என்று பார்த்து பிரயோஜனம் இல்லை. என்ன அனுப்பினார் என்று பார்க்க வேண்டும்.

நிஜமாகவே அபராதம் இருக்கிறதா என்று தெரிய பைல் எதுவும் தேவையில்லை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரை போட்டால் தெரிந்துவிடும். அரசு எஸ்.எம்.எஸ். என்றால் அனுப்புனர் பெயரின் கடைசியில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். 2025-ல் டிராய் அமைப்பு கொண்டுவந்த முறை இது. சாதாரண 10 இலக்க நம்பரில் இருந்து வாட்ஸ்-அப்பில் வருவது அரசு சலான் அல்ல.

ஒரே ஆண்டில் ரூ.22 ஆயிரம் கோடி

இது சின்ன விஷயம் இல்லை. சைபர் மோசடியில் இந்தியா முழுவதும் மக்கள் இழந்த பணம் 2023-ல் ரூ.7 ஆயிரத்து 465 கோடி. 2024-ல் அது ரூ.22 ஆயிரத்து 845 கோடியாக எகிறியது. 2025 ஜூலை மாதம் பாராளுமன்றத்தில் மத்திய உள்துறை கொடுத்த கணக்கு இது.

2021-ல் புகார் முறை தொடங்கியதில் இருந்து 17 லட்சத்து 82 ஆயிரம் புகார்களில் ரூ.5 ஆயிரத்து 489 கோடி காப்பாற்றப்பட்டதாகவும் அப்போது தெரிவிக்கப்பட்டது. நன்றாக கவனியுங்கள். நாலு வருஷமாக காப்பாற்றிய பணம், 2024 என்ற ஒரே வருஷத்தில் பறிபோனதில் கால்வாசி கூட வராது.

ஏன் மீதி கிடைக்கவில்லை? பணம் ஒரே இடத்தில் நிற்காது. ஒரு கணக்கில் இருந்து இன்னொன்று, அதில் இருந்து நாலு கணக்கு என்று தாவி, கடைசியில் எங்கோ ஒரு ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே போய்விடும். தாவும் வழியில் பிடித்தால்தான் உண்டு.

வெட்கப்பட்டால் நஷ்டம்

நம்ம பக்கம் பணம் போவதை விட பெரிய பிரச்சினை, போனதை வெளியே சொல்லாதது. "வீட்டுக்காரருக்கு தெரிஞ்சா திட்டுவாரு", "ஊர்ல சிரிப்பாங்க", "படிச்ச பையன் இப்படி ஏமாந்துட்டானேம்பாங்க" என்று மூடி மறைப்பார்கள். ராத்திரி 8 மணிக்கு போன பணத்துக்கு, மறுநாள் காலை பேங்க் திறந்த பிறகு போய் வரிசையில் நிற்பார்கள். அதற்குள் பணம் மாநிலம் தாண்டி இருக்கும்.

இந்த தாமதத்துக்கு சட்டத்திலும் விலை இருக்கிறது. 2017-ம் ஆண்டு ஜூலை 6-ந்தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, தப்பு வங்கி மீதும் இல்லை, வாடிக்கையாளர் மீதும் இல்லை என்றால் 3 வேலை நாளுக்குள் தகவல் கொடுத்தவருக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 நாள் ஆனால் சாதாரண சேமிப்பு கணக்குக்கு ரூ.10 ஆயிரம் வரையும், அடிப்படை சேமிப்பு கணக்குக்கு ரூ.5 ஆயிரம் வரையும் அவர் தாங்க வேண்டும்.

வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது என்றால், வங்கிக்கு தகவல் சொல்லும் வரை போனது அவர் தலையில். சொன்ன பிறகு போனால் அது வங்கி தலையில். அதாவது, நீங்கள் போன் போட்டு சொல்லும் அந்த நிமிஷம்தான் உங்கள் நஷ்டத்துக்கும் வங்கி நஷ்டத்துக்கும் நடுவில் உள்ள வரப்பு.

இங்கே ஒரு நியாயமான கேள்வியும் இருக்கிறது. அரசு முத்திரை போட்டு, அரசு பெயரில் வந்த சலானை நம்பி திறந்தவரை 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியுமா? ஓ.டி.பி.யை வாய் திறந்து சொன்னவரும், தெரியாமல் ஆப் ஏறியவரும் ஒன்றா? அப்படி தள்ளினால் சும்மா இருக்க வேண்டியதில்லை. புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

பைலை தொட்டாச்சா? பதற்றம் வேண்டாம்

முதலில் செல்போனில் நெட்டை அணைக்க வேண்டும். 'பிளைட் மோடு' போட்டால் போதும். அல்லது சிம்மை கழற்றிவிடலாம்.

அடுத்து, வேறு செல்போனில் இருந்து 1930-க்கு போன் செய்ய வேண்டும். பகல், ராத்திரி எந்நேரமும் செய்யலாம். எந்த பேங்க், எவ்வளவு பணம், எத்தனை மணிக்கு போனது, பண பரிமாற்ற எண் என்ன என்று கேட்பார்கள். மெசேஜை பார்த்து சொன்னால் போதும். கொடுக்கும் புகார் எண்ணை குறித்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, பேங்க்கின் உதவி நம்பருக்கு போன் போட்டு கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் நிறுத்த வேண்டும். பிறகு கள்ளக்குறிச்சி மாவட்ட சைபர் கிரைம் போலீசாரையோ, உள்ளூர் போலீஸ் நிலையத்தையோ அணுகலாம். செட்டிங்சில் உள்ள ஆப் பட்டியலை பார்த்து அந்த ஆப்பை நீக்க வேண்டும். நீங்க மறுத்தால் போனை முழுசாக 'ரீசெட்' செய்வதே நல்லது. அதற்கு முன் மெசேஜ்களை வேறு போனில் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். அதுதான் சாட்சி.

கடைசியாக, குரூப்பில் "என் நம்பர்ல இருந்து வந்த பைலை யாரும் தொடாதீங்க" என்று வாயால் பேசி சொல்லிவிடுங்கள். பத்து குடும்பம் தப்பிக்கும்.

கமிஷனுக்கு கணக்கு கொடுத்தால் கம்பி

திருடிய பணம் தாவுவதற்கு கணக்கு வேண்டும் அல்லவா? அதற்கும் ஏழை வீட்டு பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள். "உன் பாஸ்புக்கும் சிம்மும் கொடு, கமிஷன் தர்றேன்" என்று ஆசை காட்டுவார்கள். தமிழ்நாடு போலீசார் 'ஆபரேஷன் திரைநீக்கு' என்ற பெயரில் 2024 டிசம்பரில் 76 பேரை பிடித்தனர். 2025 ஜூனில் நடந்த இரண்டாவது வேட்டையில் 136 பேர் சிக்கினர். கணக்கை வாடகைக்கு விட்டவர்களும் இதில் மாட்டினார்கள். கமிஷன் சில ஆயிரம், வழக்கு வருஷக்கணக்கில்.

மலைக்கு மேல் இரட்டை கஷ்டம்

கல்வராயன்மலை கிராமங்களில் நிலைமை இன்னும் கஷ்டம். பல இடங்களில் சிக்னல் தேடி மேட்டுக்கு போய்த்தான் போன் பேச வேண்டும். பணம் போன மெசேஜே தாமதமாக வந்தால், முதல் ஒரு மணி நேரத்தில் புகார் எப்படி செய்வது? வெள்ளிமலைக்கோ, கீழே இறங்கி சங்கராபுரத்துக்கோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மலைவாழ் மக்கள் விஷயத்தில் முன்னெச்சரிக்கை ஒன்றே காவல்.

அது பெரிய வித்தை இல்லை. செட்டிங்சில் 'தெரியாத ஆப்களை ஏற்றும்' அனுமதி வாட்ஸ்-அப்புக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆப் வேண்டும் என்றால் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். சேமிப்பு பணத்தை ஜி-பே, போன்-பே இணைக்காத தனி கணக்கில் வையுங்கள். செலவுக்கு உள்ளதை மட்டும் செல்போன் கணக்கில் விடுங்கள். போனால் நூறோடு போகும், ஆயிரத்தோடு போகாது.

1930 என்ற நாலு எழுத்து ரேஷன் கடை சுவரிலும், பஸ் நிலையத்திலும், பால் சொசைட்டியிலும், மலைக்கிராம பள்ளிகளிலும் பெரிசாக எழுதப்பட வேண்டும். பேங்க் கிளைகள் கிராமசபை கூட்டத்துக்கு ஆள் அனுப்பி தமிழில் விளக்க வேண்டும். அதுவரைக்கும் காத்திருக்காமல், இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது வீட்டில் உள்ள எல்லோர் போனிலும் அந்த நம்பரை பதிந்து வையுங்கள். பிள்ளைகளிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "தப்பா எதையாவது தொட்டுட்டா, திட்ட மாட்டேன். உடனே சொல்லு."