பூண்டுப் பாத்தியும் மாத்திரைப் பெட்டியும்

ஐப்பசி பிறந்துவிட்டால், கொடைக்கானல் மேல்மலையிலிருந்து வரும் நோயாளிகளின் பேச்சில் பூண்டு நடவும் சேர்ந்துகொள்ளும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் ஊர்கள் அவை. "இந்த உடம்போடு பாத்தி போடலாமா?" என்று கேட்பவர்களிடம், நடுங்கள் என்றே சொல்கிறேன். குனிந்து நிமிர்வதில் தலைசுற்றல் இல்லாதவர்களுக்குக் காலை வெயிலில் அரைமணி நேரத் தோட்டவேலை நல்ல உடற்பயிற்சி. சர்க்கரை நோயாளிகள் மட்டும் வெறுங்காலுடன் மண்ணில் இறங்க வேண்டா.

நடவு எளியது. பருத்த பற்களாகத் தேர்ந்து, தோலை உரிக்காமல், வேர்ப்பகுதி கீழே இருக்குமாறு விரற்கடை ஆழத்தில் ஊன்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழை நீர் தேங்கினால் பல் அழுகிவிடும்; ஆகவே மேட்டுப்பாத்தியே நல்லது. ஏறத்தாழ நான்கு மாதங்களில் தாள் மஞ்சளாகிச் சாயும். சமவெளியில் குளிர் போதாமையால் பூண்டு சரியாகத் திரளாது. எனினும் தொட்டியில் வளரும் தாளை நறுக்கிச் சமைக்கலாம்.

நான் அஞ்சுவது அறுவடைக்குப் பிந்தைய மாதங்களை. சில ஆண்டுகளுக்கு முன், அறுபதைக் கடந்த ஒருவர், தம் கொல்லையில் விளைந்த பூண்டை நாள்தோறும் பச்சையாக உண்ணத் தொடங்கி, இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டார். சித்திரையில் வாய் குழறி, வலக்கை தளர்ந்த நிலையில் அவரைக் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்தக் கை இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

பூண்டுப் பல்லை நசுக்கும்போதுதான் அல்லிசின் என்னும் பொருள் உருவாகிறது; அந்த நெடியும் அதனால்தான். பூண்டு இரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கக்கூடும் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அளவிட்டுத் தயாரித்த பூண்டுப்பொடியையோ சாற்றையோ கொண்டு நடந்தவை. நம் கொல்லைப் பூண்டில் அப்பொருள் எவ்வளவு என்று அளந்து சொல்வார் யார்? மாத்திரையில் அளவு உண்டு. அதனால்தான் அதைக் கூட்டவும் குறைக்கவும் எங்களால் முடிகிறது.

அவர் ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று மகளிடம் கேட்டேன். "திட்டுவீர்கள் என்று பயந்தார்" என்றார். அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. நோயாளி பூண்டு என்று வாய் திறந்ததும் "அதெல்லாம் விடுங்கள்" என்று மருத்துவர்களாகிய நாங்கள் பேச்சை முறித்துவிடுகிறோம். அடுத்த முறை அவர் சொல்வதில்லை. மறைத்தவர் மீது மட்டும் குற்றம் சுமத்துவது நேர்மையன்று. என்ன உண்கிறீர்கள் என்று கேட்பதும் எங்கள் பணியே. நான் இப்போது கேட்கிறேன்.

நீங்களும் சொல்லுங்கள். குழம்பிலும் இரசத்திலும் சேரும் பூண்டைப் பற்றிக் கவலை வேண்டா. பச்சைப் பூண்டை மருந்தாக நாள்தோறும் உண்பவர்கள், பூண்டு மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள் அவசியம் சொல்ல வேண்டும். வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவற்றுடன் அது சேர்ந்தால் இரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும். பல் பிடுங்குவதற்கோ அறுவை சிகிச்சைக்கோ நாள் குறித்திருந்தால், குறைந்தது ஒரு வாரத்திற்கு முன்பே தெரிவியுங்கள். மருத்துவர் குறித்துக் கொடுத்த மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அந்தப் பெரியவர் இவ்வாண்டும் பாத்தி போட்டிருக்கிறார். வலக்கை ஒத்துழைக்காததால், இடக்கையால் ஒவ்வொரு பல்லாக ஊன்றினாராம்.